ஒப்புக்கொடுத்த வலி

மலையடிவார மடம்,
24 நவம்பர் 2024

இயேசு மரி சூசை துணை.

அன்புள்ள ரீட்டா அக்காவுக்கு,

உன் தங்கை செல்வி எழுதுகிறேன். இங்கே எனக்கு வேறு பெயர் வைத்து ஆறு வருடம் ஆகிறது, ஆனாலும் உனக்கு எழுதும்போது கை பழைய பெயரைத்தான் எழுதுகிறது.

அடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் பிறக்கிறது. இனி கிறிஸ்மஸ் வரை நாங்கள் கடிதம் எழுதமாட்டோம், வருகிற கடிதமும் எங்கள் கைக்குக் கிடைக்காது. தவக்காலத்திலும் அப்படித்தான். "போன்தான் கிடையாது, கடிதத்துக்குமாடி லீவு?" என்று நீ திட்டுவது காதில் விழுகிறது.

முக்கியமான சேதி. சாகும்வரை துறவியாக இருப்பேன் என்கிற நித்திய வார்த்தைப்பாட்டை எனக்குக் கொடுக்கலாமா என்று மூத்த சகோதரிகள் தவக்காலத்தில் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு என்றால் சீட்டு இல்லை, மொச்சைக்கொட்டை. ஆளுக்கு ஒன்றாகப் பெட்டிக்குள் போடுவார்கள். வெள்ளை விழுந்தால் நான் இங்கேயே இருப்பேன், கறுப்பு விழுந்தால் ஆவூருக்கு பஸ் ஏறவேண்டியதுதான். எல்லாம் நல்லபடி நடந்தால் ஈஸ்டர் முடிந்த வாரமே வார்த்தைப்பாடு. நீயும் பிராங்க்ளின் மச்சானும் கட்டாயம் வரவேண்டும். நான் இதற்காகத்தான் இத்தனை வருடம் காத்திருக்கிறேன் அக்கா.

தோட்ட வேலையிலிருந்து அப்பம் சுடுகிற வேலைக்கு மாறிவிட்டேன், நானே கேட்டுத்தான். மாவைக் கரைத்து, சூடான தட்டில் ஊற்றி, தகடு மாதிரி சுட்டு, வட்டமாக வெட்டி, சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பூசைக்கு அனுப்புகிறோம். உட்கார்ந்து செய்கிற வேலை. ஓரத்தில் உதிர்கிற துண்டுகளை நாங்களே தின்றுவிடுவோம். பூசையில் இன்னும் வைக்காததால் அது பாவத்தில் சேராது.

உனக்காக ஆண்டவரிடம் ஒன்றை ஒப்புக்கொடுத்து வருகிறேன். என்ன என்று கேட்காதே. உன் எண்டோமெட்ரியோசிஸ் உன்னை விட்டு முழுசாகப் போகவேண்டும், உன் மடியில் ஒரு பிள்ளை இருக்கவேண்டும் என்று இரண்டுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.

கையெழுத்து சாய்ந்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

அன்புத் தங்கை,
செல்வி


ஆவூர்,
27 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

கிறிஸ்மஸ் வாழ்த்தெல்லாம் கடைசியில். முதலில் சண்டை.

என் மடியில் பிள்ளை வேண்டும் என்று உன்னிடம் யாரடி மனுப் போட்டது? நானும் உன் மச்சானும் பேசி, அழுது, வைத்தியம் பார்த்து, போதும் என்று முடிவெடுத்து வருடங்கள் ஆகின்றன. பூசை முடிந்து வெளியே வந்தால் இந்த ஊரில் யாராவது ஒருத்தி பிடித்துக்கொள்கிறாள். "ஏம்மா டீச்சர், இன்னமும் மாத்திரையா சாப்புடுறீங்க? அத நிறுத்துனாத்தானே புள்ள தங்கும்?" போன வாரமும் கேட்டாள். "நிறுத்துனா கிரவுண்டுல நான் நிக்க முடியாதுக்கா. நான் நிக்கணும்ல?" என்றேன். வாயைப் பிளந்தபடி அங்கிட்டுப் போய்விட்டாள். இப்போது நீயும் மடத்துக்குள் இருந்துகொண்டு அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் எப்படி?

அப்புறம், நோய் முழுசாகப் போகவேண்டும் என்கிறாய். அது போகாது செல்வி. கருப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய சவ்வைப் போல ஒன்று வெளியே கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு மாதாமாதம் புண்ணாகிறது, அவ்வளவுதான் விஷயம். இந்தப் பெயரை முதலில் கேட்பதற்கே எனக்கு ஒன்பது வருடம் ஆனது. அதுவரை "கல்யாணமானா சரியாயிரும்", "புள்ள பெத்தா சரியாயிரும்", "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்" என்று கேட்டுக் கேட்டு நானே என்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன். திருச்சி டாக்டரம்மாதான் வயிற்றில் துளை போட்டு கேமரா விட்டுப் பார்த்து, முடிந்ததை எடுத்துவிட்டு, உட்காரவைத்துச் சொன்னார். "ரீட்டா, இது சர்க்கரை மாதிரிதாம்மா. வீட்டவிட்டுப் போவாது. ஆனா சொன்னா கேக்கும்."

அன்றிலிருந்து நான் சொல்கிறேன், அது கேட்கிறது. தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை. அதனால் மாதவிலக்கே நின்றுபோய் வலியும் அடங்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அடிவயிற்றுத் தசை எந்நேரமும் இறுக்கிப் பிடித்தபடி இருக்காமல் இருக்க பிசியோ அம்மா சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி. எலும்புக்காகக் கால்சியம். எப்போதாவது அது சிலிர்த்துக்கொண்டு எழும், அப்போது வனிதா டீச்சரிடம் விசிலைக் கொடுத்துவிட்டு ஸ்டாப் ரூமில் படுத்துக்கொள்வேன். வெட்கமே படுவதில்லை. இந்த வருடம் இலுப்பூரில் என் பிள்ளைகள் கோ-கோவில் கோப்பை வாங்கினார்கள். பி.டி. டீச்சரான நானும் கூடவே ஓடித்தான் வாங்கிக்கொடுத்தேன்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போடவேண்டும். நான் வைத்திருக்கிற அலாரம் நம் கோயில் மணிதான். சாயங்காலத் திரிகால மணி அடித்ததும் ஊரே சிலுவை போடும், நான் மட்டும் சிலுவையும் போட்டு மாத்திரையும் போடுவேன். "மாதாவும் மாத்திரையும் ஒரே டயத்துல வருதுடி" என்று உன் மச்சான் கேலி செய்வார்.

இப்போது என் கேள்விக்கு வா. தோட்டத்தை விட்டு உன்னை இழுத்தால்கூட வரமாட்டாயே, உட்கார்ந்து செய்கிற வேலையை ஏன் கேட்டு வாங்கினாய்? குளிருக்கு எவளாவது வெந்நீர்ப் பையை வயிற்றில் வைப்பாளா? கம்பளி என்ன ஆயிற்று? கையெழுத்து சாய்ந்ததை விடு, வரிக்கு வரி பேனா நின்று நின்று போயிருக்கிறதே, அது எதனால்? மழுப்பாமல் எழுது.

கிறிஸ்மஸ் வாழ்த்து. கல்கல் சுட்டேன், உன் பங்கையும் சேர்த்து மச்சானே தின்றுவிட்டார்.

அக்கா,
ரீட்டா


மலையடிவார மடம்,
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ டீச்சர் வேலைக்குப் போகாமல் போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து போகிற கடிதத்தை நாங்கள் ஒட்டித்தான் கொடுப்போம், யாரும் பார்ப்பதில்லை. வருகிற கடிதத்தை மட்டும் மதர் பிரித்து வாசித்துவிட்டுத் தருவார். டிசம்பர் கடிதத்தைக் கொடுக்கும்போது "உங்க அக்கா ரொம்பத் துணிச்சல்காரங்க" என்று சிரித்தார். நல்லவேளை, கம்பளியைப் பற்றித் துருவவில்லை. ஆகவே இதற்கு நீ எழுதும் பதிலில் இந்தப் பேச்சே வரக்கூடாது. பொதுவாக நலம் விசாரித்து எழுது.

வலிக்கிறது அக்கா. இரண்டு வருடமாக. முதலில் மாதவிலக்கு நாட்களில் மட்டும் இருந்தது, இப்போது அதற்கு முன்னும் பின்னும் நீள்கிறது. இடது தொடை வரைக்கும் இழுக்கிறது. அந்த நாட்களில் கழிப்பறைக்குப் போகவே பயமாக இருக்கிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இரவு ஜெபத்தில் நிற்க முடியாமல் கதவோரமாக நின்று, கதவைப் பிடித்துக்கொள்கிறேன். மருந்தறைச் சகோதரியிடம் குளிர் என்று சொல்லித்தான் வெந்நீர்ப் பை வாங்கினேன். பொய்தான், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

உனக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று எழுதினேனே, அது இந்த வலிதான். "இதை நான் முணுமுணுக்காமல் வாங்கிக்கொள்கிறேன் ஆண்டவரே, என் அக்காவை விட்டுவிடும்" என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன். எனக்கு இது சிலுவை. சிலுவைக்கு யாராவது மாத்திரை போடுவார்களா? அதிலும் நீ போடுவது ஹார்மோன் மாத்திரை. பிள்ளை வேண்டாம் என்கிறவர்கள் போடுவது மாதிரியானதுதானே? கன்னியாஸ்திரி அதைப் போடுகிறாள் என்றால் மருந்துக்கடைக்காரர் என்ன நினைப்பார்?

இன்னொன்றும் உண்டு. எனக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணுக்கு இழுப்பு நோய் இருப்பது தெரிந்தது. ஓட்டுக்கு முன்பே அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். தவக்காலத்தில்தான் என் ஓட்டு. அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். வார்த்தைப்பாடு முடிந்த பிறகு யாரும் என்னை அனுப்ப முடியாது. அப்போது சொல்லிக்கொள்கிறேன்.

சொல்லமாட்டாய்தானே?

செல்வி


ஆவூர்,
22 பிப்ரவரி 2025

மரியாதைக்குரிய மதர் அவர்களுக்கு ரீட்டாவின் வணக்கம்.

கடிதம் செல்விக்குத்தான். ஆனால் முதலில் வாசிப்பது நீங்கள் என்று தெரியும். அதனால் முதல் பக்கத்தை உங்களுக்கே எழுதிவிட்டேன்.

உங்களுக்கு போன் செய்திருக்கலாம், நம்பர் இருக்கிறது. செய்தால் என் தங்கை முதுகுக்குப் பின்னால் பேசியது ஆகிவிடும். நான் சொல்வதை நீங்கள் இருவரும் ஒரே காகிதத்தில் வாசிக்கவேண்டும். வாசித்ததும் அவள் கையிலேயே கொடுங்கள்.

மதர், செல்விக்குக் குளிர் இல்லை. இரண்டு வருடமாக அடிவயிற்றில் கடுமையான வலி. மாதவிலக்கின்போது தொடை வரை இழுக்கிறது, மலம் கழிக்கும்போது உயிர் போகிறது. இதையெல்லாம் நான் என் உடம்பில் மனப்பாடமாகப் படித்தவள். கூடப்பிறந்தவளுக்கு இருந்தால் இவளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்று என் டாக்டரே சொல்லியிருக்கிறார். உறுதியாகச் சொல்ல நான் டாக்டர் இல்லை. அதனால்தான் டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறேன். தள்ளிப்போட்டால் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டிக்கொண்டது, பிரித்தெடுக்க ஆபரேஷன் ஆனது.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று பயப்படுகிறாள். நான் கேட்பது ஒன்றுதான். இந்த நோயை வைத்துக்கொண்டு நான் வெயிலில் பிள்ளைகளோடு ஓடுகிறேன். ஜெபம் செய்யவும் அப்பம் சுடவும் இவளால் முடியாதா?

இனி செல்விக்கு.

கோபப்படு. ஆனால் முழுசாக வாசித்துவிட்டுக் கோபப்படு.

எனக்காக வலியை ஒப்புக்கொடுக்கிறாயா? நல்ல பிள்ளை. நான் இங்கே மாத்திரை போட்டு, மூச்சு இழுத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து, பிள்ளைகளை விரட்டிக்கொண்டு இருக்கிறேன். நீ அங்கே கதவைப் பிடித்துக்கொண்டு எனக்காக அழுகிறாயாம். வாசித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை செல்வி, கோபம்தான் வந்தது. நான் அதை வாங்கிக்கொள்ளமாட்டேன். திருப்பி எடுத்துக்கொள்.

நம் ஊர் பாஸ்கா நாடகத்தில் உன் மச்சானுக்கு வருடா வருடம் ஒரே வேஷம்தானே? வழியில் போகிறவனைப் பிடித்து, ஆண்டவரின் சிலுவையைக் கொஞ்சதூரம் தூக்கச் சொல்வார்களே, அந்த ஆள். உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "எத்தன வருசமா தூக்குறேன். ஒரு தடவையாச்சும் ஆண்டவரு 'வேணாம், நானே பாத்துக்கிறேன், நீ போ'ன்னு சொல்லியிருக்காரா? ஒந்தங்கச்சிக்கு மட்டும் ஆளு வேணாமாக்கும்?"

ஹார்மோன் மாத்திரை நோய்க்கான மருந்து. மருந்துக்கடைக்காரர் என்ன நினைத்தாலும் வலிக்கப்போவது அவருக்கு இல்லை. சந்தேகம் இருந்தால் மதரையே கேள். டாக்டர் தொட்டுப் பார்ப்பாரே என்று கூசாதே, ஸ்கேனை வயிற்றுக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம், நீ வேண்டாம் என்றால் வேறெதுவும் செய்யமாட்டார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் "ஒன்றுமில்லை" என்று எழுந்து வந்துவிடாதே, சிலருக்கு ஸ்கேனில் பிடிபடாது. என் டாக்டரம்மாவின் விலாசம் பின்பக்கத்தில்.

இந்தத் தவக்காலத்துக்கு எதையாவது விடவேண்டும் என்றால் அந்த வீம்பை விடு.

ரீட்டா


மலையடிவார மடம்,
4 மார்ச் 2025

ரீட்டாவுக்கு,

நாளை திருநீற்றுப் புதன், தவக்காலம் பிறக்கிறது. இனி ஈஸ்டர் வரை எழுத முடியாது. அதனால் இன்றே எழுதுகிறேன்.

சொல்லாதே என்று கெஞ்சினேன். நீ ஒரு பக்கம் முழுக்கச் சொல்லியிருக்கிறாய், அதுவும் தொடையையும் மலத்தையும் எழுதி. மதர் கடிதத்தை என் கையில் கொடுத்தார். சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு, என் ஓட்டைத் தள்ளிவைத்திருப்பதாகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தள்ளிவைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நீ எப்போதும் இப்படித்தான். உனக்குச் சரி என்று பட்டால் அடுத்தவர் கதவைத் தட்டமாட்டாய், தள்ளிக்கொண்டு வருவாய்.

இந்த நாற்பது நாளும் உன்னை மன்னிக்கப்போவதில்லை. ஈஸ்டர் வந்தால் மன்னித்துத்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை.

செல்வி


ஆவூர்,
30 மார்ச் 2025

செல்வி,

இது ஈஸ்டர் வரை மதரின் மேசை டிராயரில் கிடக்கும். கிடக்கட்டும். எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

உன் கோபம் நியாயம். நான் செய்ததும் நியாயம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம், நாம் ரெண்டு பேரும் இருக்கவில்லையா? மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நீ ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்றை என் கையால் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லவும் உனக்கு உரிமை உண்டு. அப்படியும் நீ மருத்துவம் பார்த்துக்கொண்டு கோபமாக இருந்தால் போதும். சிரித்துக்கொண்டே வலியோடு இருக்கிற தங்கச்சி எனக்கு வேண்டாம்.

இன்னொரு கதை, உனக்குச் சந்தோஷமாக இருக்கும். பாஸ்கா ஒத்திகையில் யூதப் பெண்கள் கூட்டத்தை நான்தான் அழவைத்துப் பழக்குகிறேன். அந்த அலைச்சலில் மணி அடித்ததும் காதில் விழவில்லை, மாத்திரையும் ஞாபகமில்லை. ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள். விட்டுப்போன ரத்தம் திரும்ப எட்டிப்பார்த்து, பழைய வலி கையோடு வந்து, மைதானத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற டீச்சர்! டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "ஏன் ரீட்டா, நீங்களுமா?" என்றார். என்ன செய்யவேண்டும் என்று சொன்னார், செய்தேன். இரண்டு நாள் லீவு, வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை, தூக்கம். இப்போது எழுந்து நடக்கிறேன். வருடத்தில் ஒன்றிரண்டு முறை இப்படி விழுவேன், எழும் வழியும் எனக்குத் தெரியும். இதைத்தான் உனக்கும் சொல்ல வந்தேன், நடுவில் சண்டை வந்துவிட்டது.

அக்கா


மலையடிவார மடம்,
21 ஏப்ரல் 2025, ஈஸ்டர் திங்கள்

அல்லேலூயா அக்கா,

முதலில், மன்னித்துவிட்டேன். நேற்று விடிகாலைப் பூசை முடிந்ததுமே. உண்மையைச் சொன்னால் தவக்காலத்தின் பாதியிலேயே மன்னித்தாகிவிட்டது, விதிப்படி சொல்ல முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மதர் முன்னால் போய் நின்றேன். "என்னை அனுப்பிருவீங்களா மதர்?" என்று கேட்டேன். மதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நோயாளியா இருக்கிறதுக்காக இங்க யாரையும் அனுப்புனதில்ல. அந்த இழுப்புப் பொண்ணு தானாத்தான் போனா, நாங்க அழுதோம். ஆனா ஒண்ணு சொல்றேன். ரெண்டு வருசம் பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டும் வலிக்குதுன்னு எங்ககிட்ட சொல்லாத பொண்ணு, சாகுறவரைக்கும் எங்ககூட எப்பிடி இருக்கும்? அதுக்குத்தான் ஓட்டத் தள்ளிவச்சேன்." எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே எல்லாவற்றையும் பொதுவில் வைப்போம், செருப்பைக்கூட என்னுடையது என்று சொல்லமாட்டோம். வலியை மட்டும் எனக்கென்று பூட்டி வைத்திருந்தேன்.

மறுவாரமே உன் டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார்கள். ஸ்கேன் வயிற்றுக்கு மேலேதான். இடது சினைப்பையில் சாக்லேட் கட்டி இருக்கிறதாம். உள்ளே தேங்கிப் பழுப்பான பழைய ரத்தம், பெயரோ சாக்லேட்! அதுவும் தவக்காலத்தில். சின்னதுதான், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை போட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். உன் பெயரைச் சொன்னதும் "ஓ, அந்த விசில் டீச்சர் தங்கச்சியா?" என்று எழுந்து வந்து கையைப் பிடித்தார். மருந்துக்கடைக்குப் போன மதர் சீட்டை நீட்டி, எங்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி "எங்க சிஸ்டருக்கு" என்றார். கடைக்காரர் எதையுமே நினைத்த மாதிரி தெரியவில்லை. பில் போட்டார்.

முதல் வாரங்கள் கஷ்டம். தலைவலி, எரிச்சல், திட்டுத்திட்டாக ரத்தம். உன்னைக் கேட்க முடியாதே என்று அழுதேன். இப்போது அடங்கி வருகிறது. வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் இரவு ஜெபத்தில் கதவைப் பிடிக்காமல் நிற்கிறேன். நிற்க முடியாத நாளில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். சொல்வதுதான் எனக்கு இன்னும் கஷ்டம்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள் ஓட்டு நடந்தது. பெட்டியைத் திறந்தால் ஒரு கறுப்புகூட இல்லை அக்கா! நேற்று ஈஸ்டர் சாப்பாட்டில் மொச்சைக் குழம்பு. "அதே மொச்சதான், வீணாக்கக் கூடாதுல்ல" என்று மருந்தறைச் சகோதரி என் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினார். ஜூலையில் வார்த்தைப்பாடு. அன்றைக்குப் பீடத்தின் முன்னால் குப்புறப் படுக்கவேண்டும். அடியில் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ள மதரிடம் இப்போதே கேட்டு வாங்கிவிட்டேன். மச்சானிடம் சொல், இந்தத் தடவை ஆளைக் கூப்பிட்டுக்கொண்டேன் என்று.

உன்னுடைய மார்ச் கடிதத்தை இன்று காலைதான் மதர் கொடுத்தார். கடைசிப் பத்தியைக் காட்டி, "இத நல்லாப் படிச்சு உங்கக்காவுக்குப் பதில் எழுதும்மா" என்றார். படித்தேன். நாலைந்து நாளா விட்டாய்? எனக்கு அவ்வளவு எழுதிவிட்டு?

கேள். எனக்கு மாத்திரை நேரம் எது என்று மருந்தறைச் சகோதரி கேட்டபோது, சாயங்காலத் திரிகால மணி என்று சொன்னேன். மணிக்கயிற்றை இழுப்பது இந்த மாதம் என் வேலை. இழுத்துவிட்டு, சிலுவை போட்டு, தண்ணீர் டம்ளரோடு வாசலில் நிற்பேன். அந்நேரம் ஆவூரிலும் மணி அடிக்கும். உனக்காக இனி ஒப்புக்கொடுக்க என்னிடம் வலி அதிகம் இல்லை. அதனால் தினமும் அந்த நேரத்தில் உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், காதில் விழுகிறதா பார்.

அக்கா, மாத்திரை போட்டாயா?

செல்வி